வெர்ட்ஹைமில் தண்ணீர் நின்ற உயரம்

ஃபிராங்க்ஃபர்ட் ரயில் நிலையத்தில் கழிப்பறைக்கு ஒரு யூரோ கேட்கிறார்கள். நம் காசுக்குக் கிட்டத்தட்ட நூறு ரூபாய். தாம்பரம் பஸ் நிலையத்தில் ஐந்து ரூபாய் கேட்டதற்கே மல்லுக்கு நின்றவள் நான். "போய்ட்டு வாம்மா, ட்ரெய்ன் போயிடும்" என்று என் மகன் பிரசன்னா பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். அடப்பாவிகளா என்று சொல்லிக்கொண்டே கொடுத்தேன். என் ஜெர்மனிப் பயணத்தில் நான் செய்த முதல் செலவு அதுதான்.

அங்கிருந்து அஷாஃபன்பர்க் வரை பெரிய ரயில். பிறகு இரண்டே பெட்டி கோத்த குட்டி டீசல் ரயில். வெர்ட்ஹைம் வரை அறுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், ஒன்றேகால் மணி நேரம். வழி நெடுக மைன் நதி ஜன்னலுக்குத் துணையாக வந்தது. ஒரு பெரிய காட்டு மலையைச் சதுரமாகச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது அது. நாங்கள் அதன் போக்குக்கு எதிராக முதலில் தெற்கே, பிறகு கிழக்கே போனோம். மொத்த நீளம் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் என்றான் பிரசன்னா. நம் அடையாறு நாற்பது சொச்சம்தான்.

"நீளத்துல என்னடா இருக்கு? நம்ம ஆறு அந்த நாப்பதுலயே ஊரைக் கலக்குச்சே" என்றேன்.

"ஆரம்பிச்சிட்டியா" என்றான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் மல்லிகா. மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் சாலையில் போனால், அடையாற்றை ஒட்டி ஒரு நகர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் தெருக்காரர்கள் என்னை உள்ளே விடமாட்டார்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும். சொந்த வீட்டின் முன்னறையில் இட்லி மாவுக்கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் தனசேகர் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட ஒன்றரைத் தலை உயரம். ஒரே பிள்ளை பிரசன்னா. வெர்ட்ஹைமில் ஆய்வுக்கூடக் கண்ணாடிக் குடுவைகள் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினீயர்.

பிள்ளையைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது வீட்டு விற்பனை. விற்றே தீருவது என்று முடிவு கட்டியவள் நான்தான். இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பரில் ஆறு வீட்டுக்குள் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஐப்பசியிலும் மழை வலுத்தால் போதும், நான் தூங்குவதில்லை. வயது ஐம்பத்தெட்டு. இன்னொரு முறை கிரைண்டரைத் தலையில் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடியாது. மழைக்கு முன் விற்றுவிட்டு, செம்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் ஒரு ஃபிளாட் வாங்கிவிட வேண்டும்.

வாங்குவதற்கு ஆளும் வந்தாயிற்று. பம்மலிலிருந்து ஒரு சின்ன ஜோடி, இளங்கோவும் சங்கீதாவும். இப்போது மூன்றாவது மாடியில் லிஃப்ட் இல்லாத வாடகை வீடு. இளங்கோவின் அம்மாவுக்குப் பக்கவாதம், படுத்த படுக்கை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கி இறக்க வேண்டும். அதனால்தான் தரைத்தள வீடாகத் தேடி அலைந்திருக்கிறார்கள். நான் ஊர் திரும்பிய இரண்டாம் நாள் அட்வான்ஸ் என்று பேச்சு.

வீட்டைப் பார்க்க வந்த அன்றே, முன்னறை ஜன்னலோரம் மாமியாருக்குக் கட்டில் போட இடம் அளந்துகொண்டே சங்கீதா கேட்டாள்: "அங்கிள், இங்க மழைத்தண்ணி ஏதாவது வருமா?"

என் வீட்டுக்காரர் கண்ணை இமைக்காமல் சொன்னார்: "நம்ம தெருவுல வரலம்மா. பக்கத்துத் தெருவுலதான் கொஞ்சம் நின்னுச்சு."

இது அவர் கண்டுபிடித்த வசனம் இல்லை. எங்கள் நகரில் எல்லோருக்கும் இதுதான் மனப்பாடம். முதல் தெருவில் கேட்டால் இரண்டாம் தெரு என்பார்கள், இரண்டாம் தெருவில் கேட்டால் மூன்றாம் தெரு. கடைசித் தெருக்காரர்கள் ஆற்றுக்கு அக்கரையைக் கை காட்டுவார்கள். தண்ணீர் வடிந்ததும் ஆண்கள் முதலில் வந்து சேற்றை அள்ளிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த பிறகுதான் பெண்களையும் பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். நானே மூன்று வாரம் பம்மலில் என் தங்கை வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியபோது, வீடு கிரகப்பிரவேசத்துக்குத் தயாரானது மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. புரோக்கர் முருகேசன் இந்த வசனத்தைப் புதிதாகக் குடி வருபவர்களுக்கு டியூஷன் எடுக்காத குறையாகச் சொல்லிக் கொடுப்பார். "ஒருத்தர் வாயத் தொறந்தா மொத்தத் தெருவுக்கும் ரேட்டு பூடும்க்கா, சொல்லிட்டேன்" என்பார்.

சங்கீதா கேட்டபோது நான் காபி கலக்கிக்கொண்டிருந்தேன். சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டேன்.

*

வெர்ட்ஹைம் நிலையத்தில் இறங்கியபோது மதியம் ஒன்றரை. செப்டம்பர் மாதத்து வெயில், நம் மார்கழிக் காலை மாதிரிச் சுகமாக இருந்தது. நிலையத்திலிருந்து பழைய ஊர் நடக்கிற தூரம். நடுவே டவுபர் என்ற சின்ன ஆறு, அதன் மேல் ஒரு பாலம். பாலத்தில் நின்றால் ஊரின் மொத்தப் பூகோளமும் விளங்கிவிடுகிறது. டவுபர் தெற்கேயிருந்து வந்து, ஊரின் மூக்கு நுனியில் மைன் நதியில் விழுகிறது. இரண்டு ஆறும் சேர்கிற மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு வீடுகள். பின்னால் உடனே மலை. மலைமேல் சிவப்புக் கல்லில் ஒரு கோட்டை, பாதி இடிந்து நிற்கிறது. நதிக்கு அக்கரை வேறு மாநிலம், பவேரியா. நெப்போலியன் காலத்து ராஜாக்கள் நாட்டைப் பங்கு போட்டபோது நதியைக் கோடாக வைத்துக்கொண்டார்களாம்.

பாகப்பிரிவினை எல்லா ஊரிலும் உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

பிரசன்னா குடியிருப்பது பழைய ஊருக்குள், டவுபர் ஆற்றிலிருந்து ஒரு சந்து தள்ளி. மூன்று அடுக்கு வீடு, சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. அவன் இரண்டாவது மாடி. முதல் மாடியில் வீட்டுக்காரம்மா ஹெல்கா. அறுபத்தைந்து வயது இருக்கும், என்னைவிட ஒரு முழம் உயரம், பேக்கரியில் முப்பது வருஷம் நின்றே வேலை பார்த்த உடம்பு. கையைப் பிடித்துக் குலுக்கியதில் என் வளையல் நெளிந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஜெர்மன் தெரியாது. இரண்டு பேருக்கும் தெரிந்த இங்கிலீஷை ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு போஸ்ட் கார்டு நிரம்பாது. பிரசன்னாதான் நடுவில் நின்று மொழிபெயர்த்தான்.

மறுநாள் சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு ஹெல்காவே ஊரைச் சுற்றிக் காட்டக் கிளம்பினார். சந்தைச் சதுக்கத்தில் காபி மூன்று யூரோ இருபது. பால் தனி, சர்க்கரை தனி, மரியாதை தனி. அங்கிருந்து ஆற்றங்கரைக் கோபுரத்துக்குப் போனோம். ஊசி மாதிரி கூர்முனை வைத்த பழைய கல் கோபுரம், இரண்டு ஆறும் சேரும் இடத்தில் காவலுக்குக் கட்டியது. லேசாகச் சாய்ந்திருக்கிறது. எழுநூறு, எண்ணூறு வருஷம் வெள்ளத்தில் நின்றால் யார்தான் சாய மாட்டார்கள்? கதவு தரையில் இல்லை, நடுக்கோபுரத்தில் எங்கேயோ உயரத்தில் இருக்கிறது. பிற்காலத்தில் குடிகாரர்களையும் வாயாடிப் பெண்களையும் அதற்குள் அடைத்துப் போட்டார்களாம்.

இதை மொழிபெயர்த்துவிட்டுப் பிரசன்னா என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"என்னடா பார்வை?"

"ஒண்ணும் இல்ல. உள்ள ரூம் காலியா இருக்கான்னு கேக்கட்டுமா?"

ஹெல்காவுக்கும் சொன்னான் போல. அவர் என் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிச் சிரித்தார். தன்னையும் கை காட்டிக்கொண்டார். அந்த நிமிஷத்தில் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

பிறகு கோட்டைக்கு ஏறினோம். செங்குத்தான படிகள், என் முழங்கால் மூன்று இடத்தில் வேலைநிறுத்தம் செய்தது. வெர்ட்ஹைம் பிரபுக்கள் என்று ஒரு வம்சம் பல நூற்றாண்டு அங்கே ஆண்டிருக்கிறது. கீழே படகுப் போக்குவரத்து, மேலே கோட்டை. ஊர் தழைத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்ட்டுக்கும் நடந்த முப்பதாண்டுப் போரில் பீரங்கி வைத்து இடித்துவிட்டார்கள். இடிந்ததை யாரும் முழுதாகத் திருப்பிக் கட்டவில்லை. மதில்மேல் நின்று பார்த்தால், மைன் நதி அகலமாக, அவசரமில்லாமல் மேற்கே போகிறது. நீளமான சரக்குப் படகு ஒன்று ஜல்லி ஏற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பக்கம் சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம்.

"இவ்வளவு சாதுவா இருக்கே இந்த ஆறு" என்றேன்.

பிரசன்னா அதைச் சொன்னதும் ஹெல்கா உதட்டைப் பிதுக்கினார். "ஜனவரியில வந்து பாருங்கன்னு சொல்றாங்க" என்றான்.

*

இறங்கி வந்து ஊருக்குள் நடந்தபோதுதான் அதைக் கவனித்தேன். சந்து திருப்பத்தில் ஒரு வீட்டின் மூலைக்கல்லில் கோடுகள் வெட்டியிருந்தார்கள். முழங்கால் உயரத்தில் ஒன்று, இடுப்பில் இரண்டு, தோளில் ஒன்று, வாசற்படியின் மேல்சட்டத்தையும் தாண்டி ஒன்று. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் வருஷம். பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி உயரம் குறிப்போமே, அந்த மாதிரி.

"இது என்னடா?"

"வெள்ளம்மா. எந்த வருஷம் எவ்ளோ தண்ணி வந்துச்சுன்னு. அந்த மேல இருக்கறது ஆயிரத்து எழுநூத்து எண்பத்தி நாலு. அந்த வருஷம் பனிக்கட்டி உருகி வந்த வெள்ளமாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருநூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் வந்த தண்ணீரைக் கல்லில் வெட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, இவர்களுக்கு வீடு விற்கிற எண்ணமே கிடையாதா? எங்கள் முருகேசன் இந்தத் தெருவைப் பார்த்தால் நெஞ்சு வெடித்துச் செத்துப்போவார். பத்து வீடு தள்ளி இன்னொரு சுவரிலும் இருந்தது. அதற்கடுத்த சந்திலும் இருந்தது.

ஹெல்கா வீட்டு மூலையிலும் இருக்கிறது, நேற்று நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டே வந்ததில் கண்ணில் படவில்லை. அதைத் தொட்டுக் காட்டிவிட்டு, கீழ்த்தள அறையைத் திறந்தார். சிவப்புக் கல் பாவிய தரை. மர அலமாரி ஒன்றுகூடக் கிடையாது. பிளக் பாயின்ட் எல்லாம் என் தோள் உயரத்தில். துணி துவைக்கும் மெஷினுக்கு மேலே உத்தரத்தில் இரும்புக் கொக்கியும் சங்கிலியும். எச்சரிக்கை வந்தால் பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேர் வந்து, மெஷினைச் சங்கிலியில் கட்டித் தூக்கிவிடுவார்களாம். தெருவில் நகராட்சி மரப்பலகை நடைபாதை போட்டுவிடும். ஒரு வாரம் எல்லோரும் பலகை மேல் நடந்து ரொட்டி வாங்கப் போவார்கள். தண்ணீர் வடிந்ததும் குழாய் வைத்து அடித்துக் கழுவிவிட்டால் தீர்ந்தது.

மாவுக்கடைக்காரி கண்ணுக்கு அந்தச் சங்கிலி நன்றாகவே புரிந்தது. நான் தலையில் தூக்கியது போக மீதி இரண்டு கிரைண்டரும் அன்றைக்குத் தண்ணீருக்கடியில் கிடந்ததை நினைத்துக்கொண்டேன்.

"இந்த வீட்ட வித்தா எவன் வாங்குவான்? வாசல்லயே எழுதி வெச்சிருக்காங்களே" என்று கேட்கச் சொன்னேன்.

பிரசன்னா கேட்டான். ஹெல்கா ஆச்சரியமாக ஏதோ நீளமாகச் சொன்னார்.

"இவங்க தங்கச்சி வீட்ட போன வருஷந்தான் வித்தாங்களாம். வாங்க வந்தவங்க முதல்ல கேட்டதே அந்தக் கோட்டத்தானாம். கோடு இல்லாத வீடுன்னா இங்க பயப்படுவாங்களாம்மா. எதையோ மறைக்கறாங்கன்னு நினைச்சுப்பாங்களாம்."

அப்புறம் ஹெல்கா நேராக என்னைப் பார்த்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். உங்கள் ஊரிலும் ஆறு, வெள்ளம் என்று பிரசன்னா சொல்லியிருக்கிறான். உங்கள் வீட்டில் எவ்வளவு உயரம் வந்தது?

அவர் கேட்டு முடிப்பதற்குள் என் வாய் பதில் சொல்லிவிட்டது.

"நோ, நோ. மை ஸ்ட்ரீட், நோ வாட்டர். ஒன்லி நெக்ஸ்ட் ஸ்ட்ரீட்."

பிரசன்னா சட்டென்று என் பக்கம் திரும்பினான். "அம்மா!"

"என்ன?"

"இவங்ககிட்ட ஏம்மா பொய் சொல்ற? இவங்க என்ன நம்ம வீட்ட வாங்கவா போறாங்க?"

எனக்குக் காது மடல் சுட்டது. ஏழாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து, முன்பின் தெரியாத ஊரில், தன் வீட்டு வெள்ளத்தைத் தொட்டுக் காட்டிய பெண்ணிடம் நான் சொன்ன பதில் அது. யோசித்துச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. தும்மல் மாதிரி தானாக வந்தது. ஹெல்காவுக்கு ஒன்றும் தெரியாது. "குட், குட்" என்று தலையாட்டி என் அதிர்ஷ்டத்தைப் பாராட்டினார்.

அதுதான் தாங்கவில்லை. பம்மலிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண்ணும் இப்படித்தான் தலையாட்டிவிட்டு, நிம்மதியாகக் காபி குடித்துவிட்டுப் போனாள். எழுந்து நிற்க முடியாத ஒரு மனுஷியை எங்கள் முன்னறையில், அந்த ஜன்னலோரம் கட்டில் போட்டுப் படுக்க வைக்கப் போகிறாள். ஐப்பசி பிறக்க ஒரு மாதம்கூட இல்லை.

நான் ஹெல்காவின் கையைப் பிடித்து நிறுத்தினேன். "ஸாரி. மை ஸ்ட்ரீட். மை ஹவுஸ்" என்று சொல்லி, என் நெஞ்சில் கையைக் குறுக்கே வைத்துக் காட்டினேன். இதுவரை வந்தது. அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். உள்ளே போய் நாற்காலி எடுத்து வந்து போட்டார். உட்கார்ந்து நன்றாக அழுதேன். பத்து வருஷத்துக்குப் பிறகு அந்த வெள்ளத்துக்காக நான் அழுதது டவுபர் ஆற்றங்கரையில்.

*

மறுநாள் காலை வீட்டுக்காரருக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே மதியம், அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அந்தப் பசங்ககிட்ட உண்மையச் சொல்லிடணும்."

"எந்தப் பசங்க, எந்த உண்மை?"

"தண்ணி வந்தத."

அவர் தட்டை நகர்த்தி வைத்தார். "ஜெர்மனி போய் மூணு நாள்தான் ஆவுது. அதுக்குள்ள இன்னா ஆச்சு உனக்கு?"

"அந்தம்மா படுத்த படுக்கைங்க. கீழ படுக்க வெப்பாங்க."

"மல்லி, விக்கணும் விக்கணும்னு என் உயிர எடுத்தது யாரு? நீதானே? இப்ப சொன்னா அவங்க வாங்க மாட்டாங்க. யாருமே வாங்க மாட்டாங்க. சாகற வரைக்கும் நாம ரெண்டு பேரும் வானத்தப் பார்த்துக்கினே உக்காந்திருக்கணும். பரவால்லியா?"

"பரவால்ல."

"தெருவுல ஒருத்தன் நம்ம மூஞ்சில முழிக்க மாட்டான்."

"முழிக்காட்டிப் போறான்."

அவருக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். திரையில் எங்கள் சாப்பாட்டு மேஜையின் பிளாஸ்டிக் விரிப்பு மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மீதியையும் பேசி முடித்தேன். கேட்டார் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த பத்து நாளும் நன்றாகவே போயின. ஞாயிற்றுக்கிழமை ஊரே கடை சாத்திவிடும் என்பதால் சனிக்கிழமையே ரொட்டி வாங்கி வைத்தோம், ஒன்று நான்கு யூரோ, அடித்தால் மண்டை உடையும். ஹெல்காவுக்கு இட்லி செய்து கொடுத்தேன். மிக்ஸியில் அரைத்த மாவு அந்தக் குளிரில் இரண்டு நாளாகியும் புளிக்கவில்லை. கடைசியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிற சுவரோரம் வைத்துப் புளிக்க வைத்தேன். அவர் ஜாம் தடவிச் சாப்பிட்டார். சொந்தக்காரியாக இருந்தால் திட்டியிருப்பேன்.

ஒரு நாள் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போய், பவேரியாவில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் தெரிகிறது. ஆற்றை விட்டு ஓடிப்போகவும் இல்லை, ஆற்றோடு சண்டைக்கு நிற்கவும் இல்லை அந்த ஊர். எவ்வளவு வரும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு அதற்கேற்ற வீடு இருக்கிறது, நகராட்சி இருக்கிறது, எச்சரிக்கை முன்கூட்டியே வருகிறது. எங்களுக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை, அதையும் மறக்கக்கூடாது. ஆனாலும் உயரத்தைச் சொல்வதற்கு நகராட்சி எதற்கு? வாய் போதுமே.

கிளம்பும் நாள் ஹெல்கா வாசல்வரை வந்தார். பிரசன்னாவை அழைத்து ஒன்று சொல்லச் சொன்னார்.

"சுவர்ல கோடு போடறதுன்னா அழியாத மாதிரி போடுங்கன்னு சொல்றாங்கம்மா."

நான் அவரிடம் சுவரில் போடப்போவதாகச் சொல்லவே இல்லை. எப்படித்தான் தெரிந்ததோ.

*

மீனம்பாக்கத்தில் இறங்கி வெளியே வந்ததும் வெக்கை வந்து கட்டிப்பிடித்துக்கொண்டது. ஆட்டோக்காரர் முடிச்சூருக்கு அறுநூறு கேட்டார். வழக்கமாக இருந்தால் நானூறில் ஆரம்பித்திருப்பேன். ஐந்நூற்று ஐம்பதுக்கு ஏறி உட்கார்ந்தேன்.

"வெளிநாடா மேடம்?"

"ஆமா. ஜெர்மனி."

"இன்னா கீது அங்க?"

"ஆறு கீதுப்பா" என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டார், பெட்டியை வாங்கிக்கொண்டார், சாப்பிட்டியா என்று கேட்டார். மற்றதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. இரண்டு நாள் அப்படியே ஓடியது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு முருகேசன் பைக் முன்னால் வர, பின்னால் ஸ்கூட்டியில் இளங்கோவும் சங்கீதாவும் வந்தார்கள். சங்கீதா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மேலே ஒரு கவர். உள்ளே வந்து தட்டை மேஜையில் வைக்கப் போனாள்.

"இரும்மா. அதக் கையிலயே வெச்சுக்கோ" என்றேன்.

முருகேசனுக்கு உடனே மூக்கு வேர்த்தது. "அக்கா, எமகண்டத்துக்கு முன்னாடி முடிச்சிடலாம்க்கா."

"முருகேசா, நீ கொஞ்சம் சும்மா இரு." சங்கீதாவைக் கூப்பிட்டு முன்னறை ஜன்னலோரச் சுவருக்குப் போனேன். எங்கே கட்டில் போடுவாள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே கையை வீசி அளந்து பார்த்தாளே. கடை பில் எழுதுகிற மார்க்கரை எடுத்து, சுவரில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கோடு இழுத்தேன். "ரெண்டாயிரத்துப் பதினஞ்சு டிசம்பர்ல தண்ணி இதுவரைக்கும் வந்துச்சும்மா. இந்த வீட்டுல. இந்தத் தெருவுல. உங்க மாமியார இங்க படுக்க வெக்காத."

முருகேசன் "ஐயோ ஐயோ ஐயோ" என்று வெளியே போய் பைக்கில் உட்கார்ந்துகொண்டார். இளங்கோ கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சங்கீதா தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு அவளுக்குப் பதில் சொன்னவர் அவர்தானே.

"அங்கிள்? ஆன்ட்டி சொல்றது..."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். என்னைத் திட்டப்போகிறார், அல்லது வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து என் கையிலிருந்து மார்க்கரை வாங்கினார்.

"இது தப்பும்மா" என்றார்.

"எதுங்க தப்பு?" என்று எகிறினேன். "நான் நின்னேன், எனக்குத் தெரியாதா?"

"நீ நின்ன வரைக்கும் அதான். உன்ன மாடிக்கு அனுப்பிட்டு மெயின் ஆஃப் பண்ண நான் திரும்ப வந்தேனே." அவர் என்னைப் பார்க்கவில்லை, சங்கீதாவிடம்தான் சொன்னார். "ஃபிரிட்ஜு மெதந்து வந்து கதவுல சாஞ்சுக்கிச்சும்மா. தள்ளிப் பாத்தேன், நவரல. இருட்டு வேற. இந்த ஜன்னல் கம்பியத்தான் புடிச்சிக்கினு நின்னேன். மேல இருந்து இவ 'என்னங்க பண்றீங்க, சீக்கிரம் வாங்க'ன்னு கூப்புட்றா. வாயத் தொறந்தா தண்ணி உள்ள பூந்துடும், பதில் சொல்ல முடியல. ஃபிரிட்ஜு நவுந்து வழி வுட்ட அப்புறம்தான் மேல போனேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றேன்.

"நீ பயப்புடுவே."

தங்கை வீட்டில் நான் இருந்த மூன்று வாரத்தில், அந்தச் சுவரைத் தனியாக நின்று கழுவிச் சுண்ணாம்பு அடித்தவர் அவர். அன்றிலிருந்து பத்து வருஷமாக அந்த ஜன்னலோரம்தான் தினமும் பேப்பர் படிக்கிறார்.

சுவரோடு முதுகை ஒட்டி நேராக நின்றார். முகவாயை அண்ணாந்து தூக்கிக்கொண்டார், அன்றைக்கு எப்படித் தூக்கியிருந்தாரோ அப்படி. கையை மட்டும் பின்னால் கொண்டுபோய், முகவாய்க்கு நேராக மார்க்கரை அழுத்தி ஒரு கோடு போட்டார். பிறகு திரும்பி நின்று, பக்கத்தில் வருஷத்தை எழுதினார்.

நான் போய் அந்தச் சுவரோரம் நின்று பார்த்தேன். கோடு என் தலைக்கு மேலே இருந்தது.